எதுக்கு இன்னொரு காப்பி?

“எதுக்கு இன்னொரு காப்பி? எங்களுக்குத் தெரியாம வச்சுக்கவா?”

மழையில் நனைந்து வந்தவளின் கண்களில் ஈரத்தைவிடச் சந்தேகம்தான் அதிகமாக இருந்தது.

அக்காவின் பிரசவ அறையில் அவளே எடுத்த படங்கள் அவள் கொண்டுவந்த ஹார்ட் டிஸ்கில் இருந்தன. வேறு யார் கண்ணிலும் படக்கூடாதவை. அவள் கை தவறி டிஸ்க் கீழே விழுந்ததிலிருந்து அக்கா பேச்சையே நிறுத்திவிட்டாள்.

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரன் நிமிர்ந்தான். (நல்ல கண்கள்தான்... திருடனுக்கும் இருக்கும்!)

“அடிபட்ட டிஸ்க்ல நேரா வேலை செய்யக் கூடாதுங்க. முழுசா நகல் எடுத்து, அந்த நகல்லதான் தேடணும்.”

“நல்லா கதை விடறீங்க.”

“நம்பிக்கை இல்லன்னா எடுத்துட்டுப் போங்க!”

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு இறங்கினாள். தெருமுனை போவதற்குள் குடைகூட இல்லாமல் பின்னால் ஓடிவந்தான்.

“கோவத்துல எங்கயும் மாட்டிப் பாத்துடாதீங்க! உள்ள தட்டு சுத்தும்ங்க... முள் உரசிச்சுன்னா அத்தனை படமும் போயிடும்.”

ரோஷத்தை விட்டு ஓடிவந்தவனைப் பார்த்ததும் கோபம் கரைந்தது. சந்தேகம் கரையவில்லை. திரும்பி வந்து, நாற்காலியைத் திரைக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

படங்கள் கிடைத்தன. அவன் ஒன்றையும் திறக்கவில்லை. மவுசை அவள் பக்கம் நகர்த்திவிட்டு ஜன்னலைப் பார்த்து நின்றான். படங்களை அவளுடைய பென் டிரைவுக்கு மாற்றியாயிற்று. விஷயம் கேட்ட அக்கா, போனில் அழுதுகொண்டே சிரித்தாள்.

“சரி, அந்த நகலை அழிங்க.”

“டெலீட் பண்ணா படம் இருக்கிற விலாசம்தான் போகும், படம் உள்ளயேதான் இருக்கும். அது மேல வேற எதையாவது முழுசா எழுதணும். சாயங்காலம் ஆயிடும்... உக்காந்து நீங்களே பாருங்க.”

ஏமாற்றுகிறவன் இதைச் சொல்வானா? அவளுக்குக் குழப்பமாக இருந்தது. டீ வந்தது. பேச்சு வந்தது. சிரிப்பும்... மழை விட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

அலமாரியில் மெல்லிசாக ஒன்று கண்ணில் பட்டது. “அது என்ன?”

“எஸ்எஸ்டி. தட்டு, முள் எதுவும் கிடையாது, எல்லாம் சிப்புதான். அதுல அழிக்கிறது சட்டுனு முடிஞ்சிடும்.”

“அப்ப என் நகலை ஏன் அதுல எடுக்கல?”

அவன் காது சிவந்தது.

“நனைஞ்சு வந்து நின்னீங்களே... அப்பவே, நீங்க சீக்கிரம் போயிடக் கூடாதுன்னு தோணிடுச்சு. கடையிலேயே மெதுவான டிஸ்க்கைத் தேடி எடுத்தேன்.”

“உங்ககிட்ட ஏதோ திருட்டுத்தனம் இருக்குன்னு எனக்கு அப்பவே தெரியும்!”

குரலில் அதட்டல் இருந்தது. ஆனால் போக அவளுக்கும் மனம் வரவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டாள்.

“முதல்லேர்ந்து இன்னொரு தடவை அழிங்க... எனக்கு இன்னும் சந்தேகம் தீரல.”