இடப்பக்கம் முறுக்கிய கம்பி

வாட் வாத்தியார் இரண்டு அட்டைப்பெட்டிகளைச் சுமந்துகொண்டு படியேறி வந்தபோது, சர்வேயரம்மா கருகிப்போன ஓர் இஸ்திரிப் பெட்டியைக் கழற்றி மேசையில் பரப்பிவைத்திருந்தார். காப்பீட்டு நிறுவனங்களுக்காக எரிந்த பொருள்களைப் பார்வையிட்டு, கோளாறு எங்கே தொடங்கியது என்று எழுதிக்கொடுப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அவர் எழுதிய அறிக்கை எதையும் எந்த நீதிமன்றமும் தள்ளியதில்லை. இதை அவர் வாயால் சொல்லமாட்டார். அவருடைய கணவர்தான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

கணவருக்கு மருந்துக்கடை. மதியம் ஒன்றிலிருந்து நான்குவரை கடை மூடியிருக்கும். வேறு மனிதராக இருந்தால் அந்த நேரத்தில் குட்டித் தூக்கம் போடுவார். இவர் நோட்டும் பேனாவுமாக மனைவியின் வேலையில் மூக்கை நுழைப்பார். சர்வேயரம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. கணவர் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வருவார். அது ஏன் தப்பு என்று எடுத்துச் சொல்லும்போதுதான் பல தடவை அம்மாவுக்குச் சரியானது புலப்பட்டிருக்கிறது.

வந்தவரைத் தெருவில் யாருக்கும் தெரியாது. ஆனால் தாங்களே பாகங்களை வாங்கிக் கம்ப்யூட்டர் பூட்டுகிறவர்களிடம் ‘வாட் வாத்தியார்’ என்று சொல்லிப்பாருங்கள், எழுந்து நிற்பார்கள். பவர் சப்ளை என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஓர் இரும்புப் பெட்டி. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை மற்ற பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது அதுதான். அது மட்டமாக இருந்தால் மொத்தமும் போச்சு. எது நல்லது, எது மட்டம் என்று வாத்தியார் பன்னிரண்டு வருடமாகத் தம் இணையதளத்தில் எழுதிவருகிறார். கம்பெனிகள் அன்போடு அனுப்பிவைக்கும் இலவசப் பீஸைக் கையால் தொடமாட்டார். எல்லாரையும்போலக் கடைக்குப் போய் வாங்கிவந்து, ஓர் இயந்திரத்தில் மாட்டி, எட்டு மணி நேரம் முழு மின்பாரம் ஏற்றி, கடைசியில் பிரித்துப் பார்த்து எழுதுவார். ஒவ்வொரு விமர்சனமும் ஒரே வரியில் முடியும்: ‘கடையில் வாங்கியது.’ அந்த இரண்டு வார்த்தைதான் அவருக்குப் பட்டம், பதவி எல்லாம்.

அந்த வரிக்குத்தான் இப்போது ஆபத்து. நான்கு மாதத்துக்கு முன் ஒரு பவர் சப்ளைக்கு அவர் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் போட்டிருந்தார். புகைப்பட ஸ்டுடியோ நடத்தும் ஒரு பெண் அதைப் படித்துவிட்டு, விமர்சனத்தோடு இருந்த பில்லின் படத்தைப் பார்த்து, அதே கடைக்கே போய் அதே பவர் சப்ளையை வாங்கினார். ஆறாவது வாரம் அது புகைந்தது. போகும்போது மதர்போர்டையும் மூன்று வருடப் படங்கள் இருந்த டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. பிறகு இன்னும் பதினேழு பேர் அதே புகாரோடு எழுதினார்கள். வாத்தியார் கம்பெனியிடம் கைநீட்டிவிட்டார் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

“ஊர் பேசினா பேசிட்டுப் போகட்டும் மேடம்” என்றார் வாத்தியார். “நேத்து சாப்பிடும்போது என் பொண்ணு கேட்டா, ‘ஏதாவது வாங்கினியாப்பா?’ன்னு. இல்லம்மான்னு சொன்னேன். சரின்னு தலையாட்டினா. ஆனா என் முகத்தைப் பாக்கல.”

தளத்தை மூடுவதாகக் கடிதம் எழுதி வைத்துவிட்டாராம். நாளைக் காலை அதை ஏற்றிவிடுவாராம். அதற்குள் நடந்தது என்னவென்று தெரிந்தால் மகளிடமாவது நிமிர்ந்து சொல்ல முடியும் என்றார்.

சர்வேயரம்மா இஸ்திரிப் பெட்டியை ஓரமாக ஒதுக்கிவிட்டு இரண்டு அட்டைப்பெட்டிகளையும் முன்னால் இழுத்தார். ஒன்று வாத்தியார் சோதித்தது. மற்றது ஸ்டுடியோக்காரப் பெண் கொடுத்தனுப்பியது. வரிசை எண்கள் 413, 417 என்று முடிந்தன. பத்துப் பத்தாகப் பெரிய அட்டையில் வருகிற சரக்கு, ஆகவே இரண்டும் ஒரே அட்டையில் வந்தவை. பெட்டிக்கு முத்திரை கிடையாது, மூடியைச் செருகியிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் உள்ளே இருக்கும் இரும்பு உடலின் திருகுமேல் உத்தரவாத ஸ்டிக்கர் உண்டு. வாத்தியார் தம் பீஸைப் பிரிப்பதற்கு முன் எடுத்த படத்தில் ஸ்டிக்கர் முழுசாக இருந்தது. ஸ்டுடியோ பீஸில் இன்னும் முழுசாகவே இருந்தது. அதை அப்போதுதான் கிழித்தார்கள்.

உள்ளே பார்த்ததும் வாத்தியார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தினார். அவருடைய பீஸில் மின்சாரத்தைச் சீராக்கும் கெப்பாசிட்டர்கள் கட்டைவிரல் பருமனுக்கு, தரமானவை. ஸ்டுடியோ பீஸில் சுண்டுவிரல் அளவில், பெயர் தெரியாத மலிவு ரகம், உச்சி வீங்கி வெடித்திருந்தது.

“கண்டுபிடிச்சாச்சு” என்றார் மருந்துக்கடைக்காரர். கம்பெனியின் விற்பனையாள்தான் தனியாக ஒரு நல்ல பீஸைத் தயார்செய்து கடையில் வைத்து, வாத்தியார் கையில் கிடைக்கும்படி செய்திருக்கிறான் என்பது அவர் முடிவு. நோட்டில் அடிக்கோடும் போட்டுவிட்டார்.

சர்வேயரம்மா ஸ்டுடியோ பெட்டியின் அடியில் கிடந்த மின்கயிற்றை எடுத்தார். அந்தப் பெண் பழைய கயிற்றையே மாட்டிக்கொண்டதால் புதியது சுருட்டியபடியே இருந்தது. அதைக் கட்டியிருந்த சின்னக் கம்பியின் முறுக்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கயிற்றின் மூன்று ஊசிகளிலும் மெல்லிய கீறல்கள் இருந்தன. அதையும் தொட்டுப் பார்த்துவிட்டு, கணவரிடம், “இடப்பக்கம் முறுக்கியிருக்கு, எழுதிக்கோங்க” என்றார்.

பிறகு வாத்தியாரிடம் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டார். பீஸை அலமாரியிலிருந்து நீங்களே எடுப்பீர்களா என்றதற்கு, இல்லை, பேரைச் சொன்னால் கடைக்காரர் உள்ளே போய் எடுத்துவருவார் என்றார். எதை வாங்கப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே யாருக்காவது தெரியுமா என்றதற்கு, எல்லாருக்கும் தெரியும், திங்கள்கிழமை வாசகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதைத் தளத்திலேயே அறிவித்து, சனிக்கிழமை போய் வாங்குவேன் என்றார். அதையும் பெருமையாகத்தான் சொன்னார். கடைசியாக, வாங்கியது எதுவும் செத்த பீஸாக வந்ததுண்டா என்று கேட்டார் அம்மா.

“முன்னெல்லாம் வரும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒண்ணு வந்துச்சு, கொட்டுற மழையில திருப்பிக் கொண்டுபோனேன். அதுக்கப்புறம் ஒண்ணுகூட இல்ல. என் ராசி.”

சர்வேயரம்மா அவருடைய கைப்பேசியை வாங்கி, பெட்டி திறக்கும்போது எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தார். முப்பத்தோராவது படத்தைத் தாண்டியதும் லேசாகச் சிரித்தார். மகளைக் கல்லூரி விட்டதும் நேராக அந்தக் கடைக்கு வரச்சொல்லும்படி வாத்தியாரிடம் கூறிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

போகிற வழியில் வேறொரு கடையில் அதே பவர் சப்ளையை ஒன்று வாங்கிக்கொண்டார்கள். பிறகு வாத்தியார் வழக்கமாக வாங்கும் கடைக்குப் போனார்கள். நீளமான, குறுகலான கடை. கல்லாவுக்குப் பின்னால் கடவுள் படம் மாட்டும் உயரத்தில் வாத்தியாரின் விமர்சனங்கள் சட்டம்போட்டுத் தொங்கின. ஒவ்வொன்றிலும் அந்தக் கடையின் பில் தெரியும் பக்கம். உள்ளே ஒரு மேசையில் உறை கழற்றிய பழைய கம்ப்யூட்டர் விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. வாத்தியாரைக் கண்டதும் முதலாளி இருக்கையிலிருந்து எழுந்துவிட்டார். கையில் பாதி எழுதிய பில், இடது கையில் பேனா. சரக்கு இறக்க வந்திருந்த கம்பெனி விற்பனையாள் பக்கத்தில் நின்றான். மருந்துக்கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்த பார்வையில் அவன் இரண்டடி தள்ளிப்போய் நின்றுகொண்டான்.

மகள் பையைத் தோளில் மாட்டியபடி வந்து வாசலோரம் நின்றதும் சர்வேயரம்மா மூன்று கயிறுகளையும் கல்லாமேல் வரிசையாக வைத்தார்.

“இது இப்ப வேற கடையில வாங்கினது. தொழிற்சாலையில மெஷின் முறுக்கின கம்பி, வலப்பக்கம் போகுது. ஊசியில ஒரு கீறல் இல்ல. இது சார் சோதிச்சது, பெட்டி திறந்தப்ப எடுத்த படம் இருக்கு, இடப்பக்கம். ரெண்டு வருஷமா சார் வாங்கின முப்பத்தோரு பீஸும் இடப்பக்கம். அதுக்கு முன்னாடி எல்லாம் வலப்பக்கம். அதாவது, சார் கைக்கு வர்றதுக்கு முன்னாடி யாரோ பெட்டியைத் திறந்து, மாட்டிப் பாத்து, திரும்பக் கட்டியிருக்காங்க.”

மருந்துக்கடைக்காரர் வெற்றியோடு விற்பனையாளைக் காட்டினார். அம்மா தலையசைத்து மறுத்தார். அவன் ஒரு நல்ல பீஸைக் கொண்டுவந்து வைத்திருந்தால் அந்த ஒன்றைத்தான் தொட்டிருப்பான். ஆனால் வெடித்துப்போன ஸ்டுடியோ பீஸின் கம்பியும் இடப்பக்கம்தான், அதன் ஊசியிலும் கீறல். கெட்ட பீஸை எதற்காக ஒருவன் திறந்து மாட்டிப் பார்த்து, மறுபடி கட்டி வைக்கவேண்டும்? ஏமாற்றுகிறவனுக்கு அந்த வேலை தேவையே இல்லை. பத்தையும் மாட்டிப் பார்த்து ஒன்றைப் பொறுக்குகிறவனுக்குத்தான் தேவை.

“கையால இடப்பக்கம் முறுக்கியிருக்குன்னா, பொறுக்கினவர் இடது கைக்காரர். திங்கக்கிழமை அறிவிப்பைப் படிச்சிடுவார், சனிக்கிழமைக்குள்ள வேலையை முடிச்சிடுவார். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு மழை நாள்ல அவருக்கு ரொம்ப அவமானமாப் போயிருக்கணும்” என்றார் சர்வேயரம்மா. யாரையும் பார்க்காமல், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

முதலாளி பேனாவை மெல்லக் கல்லாமேல் வைத்தார். முகத்தில் திருட்டுக் களை இல்லை. குழந்தைக்கு ஊட்டிய சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்டவர் முகம்போல இருந்தது.

“சார் முழுக்க நனைஞ்சு வந்து நின்னாரு” என்றார். “இவ்வளவு கடை இருக்கு, என் கடைக்கு வர்றாரு, அவருக்குப் போய் செத்த பீஸைக் குடுத்தோமேன்னு ராத்திரி தூக்கம் வரல. அன்னையிலேர்ந்து பத்தையும் மாட்டிப் பாப்பேன். காதை வெச்சா இரைச்சல் தெரியும், உள்ளங்கைய வெச்சா சூடு தெரியும். எது சத்தமில்லாம குளுகுளுன்னு ஓடுதோ அதைச் சாருக்குன்னு எடுத்துவைப்பேன். மத்ததும் ஓடிச்சுங்க. சாரே ஒன்பது மார்க் போட்டப்புறம் எல்லாம் நல்ல சரக்குன்னுதான் நெனச்சேன்.”

விற்பனையாள் பெருமூச்சு விட்டான். சர்வேயரம்மா அவன் பக்கம் திரும்பி, ஒரே பெயரில், ஒரே பெட்டியில், இரண்டு விதமான குடலை வைத்து விற்பது கடைக்காரர் இல்லை, உங்கள் கம்பெனி என்று சொல்லி, பிரித்த இரண்டு பீஸ்களின் படங்களையும் காட்டினார். அவன் படத்தைப் பார்த்துவிட்டுச் சரக்குச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தான். அவனுக்கும் அது அப்போதுதான் தெரியும்போல.

எல்லாரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். அவர் சட்டம்போட்ட விமர்சனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று முதலாளி பயந்தார், அழுவார் என்று மருந்துக்கடைக்காரர் பயந்தார். வாத்தியார் இரண்டும் செய்யவில்லை. கம்பெனிகள் பன்னிரண்டு வருடமாக வாங்கப் பார்த்து முடியாத மனிதரை ஒரு கடைக்காரரின் பாசம் வாங்கிவிட்டது. அதை அவர் நன்றாகப் புரிந்துகொண்டுவிட்டார்.

“முப்பத்தொண்ணையும் தப்புன்னு எழுதப்போறேன்” என்றார். “ஏன் தப்புன்னும் எழுதுவேன். எதை வாங்கப்போறேன்னு தண்டோரா போட்டது நான்தான், அதையும் எழுதுவேன்.”

ஸ்டுடியோக்காரப் பெண்ணுக்கு மதர்போர்டு, டிஸ்க், பவர் சப்ளை எல்லாம் தன் கடையிலிருந்து தருவதாக முதலாளி சொன்னார். படங்கள் திரும்பி வராது என்பது எல்லாருக்கும் தெரிந்தேயிருந்தது. முதலாளி நாற்காலிமேல் ஏறி, சட்டங்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

மூன்றாவது சட்டத்தைக் கழற்றும்போது வாசலோரம் நின்ற மகள் முதல்முறையாக வாய்திறந்தாள். முப்பத்தோரு தடவையும் காதாலும் கையாலும் பொறுக்கினீர்களே, ஒரு தடவைகூடத் தப்பவில்லையா என்று கேட்டாள். முதலாளி யோசித்து, தப்பியதாகத் தெரியவில்லை என்றார். லட்சங்கள் விலையுள்ள பாரம் ஏற்றும் இயந்திரமும் முப்பத்தோரு தடவை முதலாளி சொன்னதைத்தான் சொல்லியிருக்கிறது என்பது வாத்தியாருக்கு அப்போது உறைத்தது. அவர் நாற்காலி அருகே போய் நின்றார்.

“முதலாளி, பத்துல நல்லதைக் கண்டுபிடிக்கிற காது, மட்டமானதையும் கண்டுபிடிக்குமில்ல?”

“கண்ணைக் கட்டிட்டுச் சொல்லுவேன் சார்.”

“அப்ப இனிமே எனக்கு அதைக் குடுங்க.”

முதலாளி கையில் சட்டத்தோடு அப்படியே நின்றார். பிறகு, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல, மறுபடி ஆணியிலேயே மாட்டினார். மருந்துக்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. நான்கு மணி ஆகிக் கடை திறக்கவேண்டிய நேரம் தாண்டியதுகூட அவருக்கு நினைவில்லை. வெளியே வந்து படியிறங்கும்போது, இருபத்திரண்டு வருடத்தில் இதுதான் உன் உச்சம் என்று மனைவியிடம் சொன்னார். சர்வேயரம்மா அவருடைய நோட்டை வாங்கி, விற்பனையாள் பெயருக்குக் கீழே இருந்த அடிக்கோட்டை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

தளம் மறுநாள் மூடப்படவில்லை. முப்பத்தொரு விமர்சனங்களும் தப்பு என்ற அறிவிப்பு முதல் பக்கத்தில் வந்தது. இரண்டு குடல்களின் படமும் பெரிதாக இருந்தது. மூன்று வாரம் கழித்து அடுத்த விமர்சனத்தை வாத்தியார் எழுதி முடித்து, கடைசி வரியையும் போட்டுவிட்டு, வழக்கம்போலப் படித்துப் பார்க்க மகளிடம் கொடுத்தார். அவள் முழுசும் படித்தாள். ‘கடையில் வாங்கியது’ என்பதற்குப் பக்கத்தில் தானே இன்னொரு வரியைத் தட்டினாள். பிறகு நிமிர்ந்து, நேராக அப்பாவின் முகத்தைப் பார்த்து, “இப்ப சரியா இருக்காப்பா?” என்றாள்.

திரையில் இருந்தது: ‘கடையில் வாங்கியது. பத்தில் மட்டமானது.’