புது மெஷினில் பழைய சாம்பியன்

காலை 10.20. மலேசியாவின் கிள்ளானில் தங்கராஜின் கேம் கடை. காணாமல் போனது டிவியில் மாட்டி ஆடும் ஒரு பழைய கேம் மெஷின். பழைய இரும்புக்காரன்கூட யோசித்துத்தான் வாங்குவான். அதற்குப் போய் முதலாளி போலீஸைக் கூப்பிட்டிருந்தார்.

"இர்ஃபான்தான் மேடம். கடைச் சாவி அவன்கிட்டயும் இருக்கு. ஆள் அனுப்புற ஏஜென்ட்கிட்ட சொல்லிட்டேன், வேலை பெர்மிட் கேன்சல். ஊருக்கு அனுப்பிடுவேன்லா."

கீழக்கரையிலிருந்து வேலைக்கு வந்த இர்ஃபான் சுவரோரம் நின்றான். "நான் எடுக்கல மேடம்" என்றான். அதைக் காதில் வாங்க அந்தக் கடையில் ஆளில்லை.

இன்ஸ்பெக்டர் மாதவி டிவி மேசையைப் பார்த்தார். நேற்று வாங்கிய புது மெஷின். சந்தனப் பொட்டு, மாலை. மேசைக்குக் கீழே பூட்டிய அலமாரி.

"தொடாதீங்க மேடம், பூஜை போட்டது" என்றான் அஸ்வின். முதலாளியின் அக்கா மகன். புது மெஷினை வாங்கவைத்த மேதை இவன்தான்.

"பழைய கேம் இதுல ஓடுமா?"

"எல்லாமே ஓடும் மேடம். கேரண்டி."

தங்கராஜ் கன்ட்ரோலரை எடுத்துப் பழைய ஆட்டத்தையே ஓட்டிக் காட்டினார். திரையில் சாம்பியன் பட்டியல் வந்தது. முதல் பெயர் தங்கராஜ்.

"ஆறு வருஷமா நான்தான் நம்பர் ஒன். ஒரு பய நெருங்கல" என்று மார்தட்டினார். சம்பளம் கொடுக்கிறவரை எந்த வேலைக்காரன் ஜெயிப்பான்? அந்த அறிவு அவருக்கு இல்லை.

மாதவி அஸ்வினிடம் திரும்பினார். "பழசுல இருந்து எதையாவது இதுல ஏத்துனியா?"

"இல்ல மேடம். நெட்டுகூட இன்னும் குடுக்கல. அதுக்குள்ள பழசைக் காணோம்."

"அப்ப மாமா பேரு இதுக்கு எப்படித் தெரியும்?"

அஸ்வின் அலமாரியை மறைத்தாற்போல் நகர்ந்து நின்றான்.

மாதவி புது மெஷின்மேல் கை வைத்தார். சில்லென்று இருந்தது. "அலமாரிச் சாவி யார்கிட்ட?"

"அஸ்வின்கிட்ட" என்றார் தங்கராஜ்.

திறந்தால், உள்ளே பழைய மெஷின் சூடாக ஓடிக்கொண்டிருந்தது. டிவி ஒயர் அதிலிருந்துதான் போனது.

மாதவி அஸ்வினைப் பார்த்தார். "புதுசுல பழைய டிஸ்க் ஒண்ணுகூட ஓடல. நீதான் எல்லாம் ஓடும்னு அளந்துட்டியே. அதனால பழசை உள்ள ஒளிச்சு ஓட்டிட்டு, மேல இருக்கறதுக்கு மாலை போட்டுட்ட. பூஜை போட்டதை யாரும் தொட மாட்டாங்கன்னு தைரியம். பழசு எங்கடான்னு மாமா கேட்டதும் இர்ஃபான் தலையில கட்டிட்ட."

தங்கராஜ் அசடு வழிந்தார். "சின்னப் பையன்லா மேடம். வீட்டு விஷயம், இதோட விட்டுருவோம். இர்ஃபான், போ, மேடத்துக்கு டீ வாங்கிட்டு வா."

கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?

இர்ஃபான் நகரவில்லை. "முதல்ல ஏஜென்ட்டுக்குப் போன் போடுங்க பாஸ். எடுத்தது யாருன்னு சொல்லுங்க. ஸ்பீக்கர்ல."

தங்கராஜ் மாதவியைப் பார்த்தார். மாதவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.