பப்பாசிக்கு வந்த பழி

வியாழக்கிழமை, காலை 6.20.

விசுவமடுக் கிராமத்தில் முகம் கழுவப் போன நிசாந்தினி, கண்ணாடியைப் பார்த்ததும் கத்திய கத்தலில் தாய் வடிவம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார். மகளின் நெற்றியிலும் கன்னங்களிலும் கழுத்திலும் சிவந்த கோடுகள் கிடந்தன. சட்டைக் கழுத்துக்கு மேலே, கழுத்தடி எலும்பில் கொப்புளங்கள் எழும்பியிருந்தன.

சனிக்கிழமை வவுனியாவில் மாகாணப் பளுதூக்கல் போட்டி. ஐம்பத்தெட்டுக் கிலோ பிரிவில் நிற்பதற்காக நிசாந்தினி இரண்டு மாதத்தில் நாலு கிலோ குறைத்திருந்தாள். காலையில் பப்பாசி, பின்னேரம் கொய்யா, இரவில் அவித்த முட்டை. இனிப்புத் தேத்தண்ணியைக்கூட விட்டுவிட்டாள்.

"சோத்தை விட்டிட்டு வெறும் பழம் திண்டால் தோல் கெடாமல் என்ன செய்யும்?" என்று ஊர் கதைத்தது. ஏழரைக்குள் கதை முற்றி, அவளுக்குப் பப்பாசி கொடுத்த பழனியாண்டி மருந்து வைத்துப் பழுக்கவைத்தவர் என்று ஆகிவிட்டது. எட்டு மணிக்குக் கிளிநொச்சிச் சந்தையிலிருந்து அவருடைய பழப்பெட்டிகள் அப்படியே திரும்பி வந்தன.

காலை 8.40.

விவசாயப் போதனாசிரியர் தேனுகாவின் மேசையில் ஒரு பப்பாசியை வைத்தார் பொலிஸ் சார்ஜன் தவராசா.

"மிஸ், இதிலை மருந்து கிடக்கோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ. பழனியாண்டியை ஸ்டேசனுக்குக் கூப்பிடுறதோ விடுறதோ எண்டு நான் முடிவெடுக்கவேணும்."

பன்னிரண்டு வருசமாக இந்த மண்ணில் தோட்டம் தோட்டமாக நடந்தவள் தேனுகா. பழத்தைக் குறுக்கே வெட்டினாள். சதை நடுவரைக்கும் செம்மஞ்சள். விதைகள் கறுத்து முற்றியிருந்தன.

"மருந்து வைச்சுப் பழுத்தால் வெளியிலை மஞ்சளாய், உள்ளுக்கை வெளிறிப்போய்க் கிடக்கும். இது மரத்திலையே நிறம் திரும்பின பழம்." ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். "நல்ல இனிப்பு. வாங்கோ, பிள்ளையைப் பாப்பம்."

"பழத்தைப் பாக்கத்தானே உங்களிட்டை வந்தனான்?"

"பழத்திலை ஒண்டுமில்லை எண்டால் வேறை இடத்திலைதானே தேடவேணும், சார்ஜன்."

காலை 9.30.

வடிவம்மா வீட்டுப் படலை வாசலில் பழனியாண்டி நின்றுகொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது. யாரும் அவரை உள்ளே கூப்பிடவில்லை, அவரும் போகவில்லை.

"மிஸ், நானும் சம்சாரமும் சாப்புடுற பழத்தத்தான் விக்கிறோம். காட்டை வெட்டி, கிணறு தோண்டி, நானே வச்ச மரங்க. அதுல விஷம்னு சொல்லிட்டாங்களே!" அவர் தலை குனியவில்லை.

"கடைசியாய் எப்ப பழம் குடுத்தனீங்கள்?"

"நேத்து சாயங்காலம். அதுக்கு முன்னால போன ஞாயித்துக்கெழம."

உள்ளே நிசாந்தினி சுவரைப் பார்த்து இருந்தாள். தேனுகா கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் போட்டாள்.

"கடிக்குதோ, சொறியவேணும்போலை?"

"இல்லை மிஸ். எரியுது. சுடுதண்ணி ஊத்தினமாதிரி."

"உதடு, நாக்கு?"

"ஒண்டுமில்லை. உண்மையைச் சொன்னால், இந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு என்ர பருக்கள்கூடக் குறைஞ்சது."

தேனுகா அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பினாள். முழங்கைவரை சிவப்பு. மணிக்கட்டில் மட்டும் இரண்டு விரலளவுக்குச் சுத்தமான தோல்; பயிற்சியின்போது பட்டி கட்டும் இடம். சட்டைக் கழுத்தை மெல்ல விலக்கினாள். உள்ளே ஒரு புள்ளிகூட இல்லை. கோடுகள் எல்லாம் மேலிருந்து கீழே, தண்ணீர் வழிந்த தடம்போல இருந்தன.

"முதல் எப்ப எரிஞ்சது?"

"நேற்று மத்தியானம் கொஞ்சம் சிவந்தது. வெயில் எண்டு நினைச்சன்."

"அப்ப நேற்றுப் பின்னேரம் வந்த பழத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அதுக்கு முதல்நாள், செவ்வாய்க்கிழமை, எங்கை பயிற்சி?"

"பள்ளிக்கூட மைதானத்திலை, பதினொண்டிலையிருந்து ரண்டுமட்டும். மண்டபத்திலை கூட்டம் நடந்தது, அதாலை வெளியிலை."

"தண்ணி?"

"ரண்டு போத்தில். வெள்ளை குடிக்க; தேசிக்காய்த் தண்ணி. நீலம் தலையிலை ஊத்த, வெறும் பச்சைத்தண்ணி."

"ஊத்தேக்கை மணத்ததோ?"

நிசாந்தினி யோசித்தாள். "தேசிக்காய் மணந்தது. நான் நாள் முழுக்கக் குடிக்கிறதுதானே, கையிலை பட்டிருக்கும் எண்டு விட்டிட்டன்."

தேனுகா நீலப் போத்திலின் மூடியைத் திறந்தாள். மூடியின் புரிக்குள் எலுமிச்சைத் தோல்போலப் பச்சையாக ஏதோ ஒட்டிக் காய்ந்திருந்தது. ஊசிமுனையால் எடுத்துக் கடதாசியில் வைத்தாள்.

"அம்மா, தேசிக்காய் எப்பிடிப் புழியிறனீங்கள்?"

"பாதியாய் வெட்டிப் புழிஞ்சு வடியிலை வடிக்கிறனான்," என்றார் வடிவம்மா.

"தோலைத் துருவிப் போடுறதில்லையோ?"

"ஐயோ, கைச்சுக் கசக்குமே!"

தேனுகா கடதாசியை மடித்தாள். "நிசாந்தினி, செவ்வாய்க்கிழமை போத்திலுக்குப் பக்கத்திலை ஆர் வந்தது?"

"ரஜிதன் அண்ணை மட்டும். கிளிநொச்சியிலை மெலியிற பவுடர் விக்கிறவர். தன்ர பனரிலை என்ர படம் போட மூண்டாம்முறை கேட்டவர். நான் அந்தப் பவுடரைக் கண்ணாலையும் காணேல்லை, எங்கட ஊர்ப் பழத்திலைதான் குறைச்சனான், பொய் சொல்லமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

பிற்பகல் 2.10.

ரஜிதனின் கடை குளிர்ந்து மணந்தது. ஒரு பக்கம் பவுடர் டப்பாக்கள். மறுபக்கம் தேசிக்காய்ப் படம் போட்ட மசாஜ் எண்ணெய், முகப்பூச்சு. வலது கையில் வெள்ளைத் துணிக்கட்டோடு சிரித்துக்கொண்டு எழும்பினான்.

"பாத்தீங்களே சார்ஜன், வெறும் பழம் திண்டால் இதுதான் நடக்கும். காலமையே பேஸ்புக்கிலை போட்டிட்டன். சனம் விளங்கிக்கொள்ளவேணுமெல்லோ."

"கையிலை என்ன?" என்று கேட்டாள் தேனுகா.

"மோட்டர் சைக்கிள் சைலன்சர் சுட்டது."

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை. விசுவமட்டாலை திரும்பி வரேக்கை."

"ஓடிக்கொண்டு வரேக்கையோ?"

"ஓம்."

தேனுகா அவனுக்கு எதிரே இருந்தாள்.

"தம்பி, நீங்கள் சொன்னதிலை ஒண்டு சரி. சிலருக்குச் சில பழம் ஒத்துவராது. அப்பிடியெண்டால் முதல் உதடு தடிக்கும், வாய் கடிக்கும், பிறகு சட்டைக்குள்ளையும் வெளியிலையும் எண்டு பாராமல் தடிப்பு எழும்பும். இந்தப் பிள்ளைக்கு வாயிலை ஒண்டுமில்லை. சட்டை மூடின இடத்திலை இல்லை. மணிக்கட்டுப் பட்டிக்குக் கீழை இல்லை. வெயில் பட்ட இடத்திலை, தண்ணி ஓடின வழியிலை மட்டும் வெந்திருக்கு. அப்ப அது வயித்துக்குள்ளை போன சாமானில்லை. மேலை ஊத்தின சாமான்."

சார்ஜன் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

"தேசிக்காய்த் தோலின்ர சாறு தோலிலை பட்டு, மத்தியான வெயிலும் பட்டால் வேகும். உடனை தெரியாது. அடுத்த நாள் சிவக்கும், அதுக்கடுத்த நாள் கொப்புளிக்கும். தேசிக்காய்த் தோட்டக்காரருக்குக் கையைக் கழுவிப்போட்டு வெயிலுக்குப் போங்கோ எண்டு வருசாவருசம் சொல்லிறது நான்தான். தேசிக்காய் எண்ணெய் கலந்த உங்கடை மசாஜ் எண்ணெய்ப் போத்திலிலையும் எழுதிக் கிடக்கு, பூசிப்போட்டு வெயிலுக்குப் போகவேண்டாம் எண்டு. நீங்கள் அதை வாசிச்சிருக்கிறியள்."

"அவள் போத்திலை மாறி ஊத்தியிருப்பாள்!"

"அவள் குடிக்கிறது வடிச்ச தண்ணி. ஊத்துற போத்தில் மூடியிலை துருவின தோல் கிடந்தது. எல்லாரும் அவள் என்ன திண்டவள் எண்டு பாத்தினம். என்னத்தாலை முகம் கழுவினவள் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை." தேனுகா அவனுடைய கையைக் காட்டினாள். "ஓடிக்கொண்டு வாற மோட்டர் சைக்கிளிலை சைலன்சர் காலைத்தான் சுடும், ஹாண்டில் பிடிச்ச கையை எப்பிடிச் சுடும்? கட்டை அவிழுங்கோ."

அவன் அவிழ்க்கவில்லை. தவராசா அவிழ்த்தார். விரல் இடுக்குகளிலிருந்து புறங்கைவழியே கோடுகோடாக வழிந்த கொப்புளங்கள். நிசாந்தினியின் கன்னத்தில் இருந்த அதே கோடுகள்.

"தோலைத் துருவிப் புழிஞ்ச கையோடை பதினைஞ்சு மைல் வெயிலிலை ஓடி வந்திருக்கிறியள்," என்றாள் தேனுகா. "நீலப் போத்திலுக்குள்ளை ஊத்தினது நீங்கள்தான், ரஜிதன்."

அவன் கதிரையில் விழுந்தான். "கொஞ்சம் சிவக்கும் எண்டுதான் நினைச்சனான். பழத்திலை மெலிஞ்சனான் எண்டு அவள் ஊரெல்லாம் சொல்ல, என்ர பவுடரை ஆரும் கேக்கேல்லை."

பின்னேரம் ஐந்து மணிக்குத் தவராசா தானே விசுவமட்டுக்குப் போய், சனம் கூடி நிற்கப் பழனியாண்டியின் கையைப் பிடித்து, "உங்கட பழத்திலை ஒரு பிழையும் இல்லை ஐயா," என்று உரத்துச் சொன்னார். கிழவர் பழப்பெட்டியைத் திறந்தார். அயலவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பழத்தை வைத்தார். வடிவம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை வீட்டுக்குள் கூட்டிப்போய்க் கதிரை போட்டார்.

சனிக்கிழமை, பிற்பகல் 3.15. வவுனியா.

தராசு ஐம்பத்தேழு கிலோ அறுநூறு காட்டியது. வைத்தியர் பூசிய களிம்பும் கழுத்தடி எலும்பில் மெல்லிய துணியுமாக நிசாந்தினி மேடைக்கு வந்தாள். முதல் முறை, எண்பத்துநாலு கிலோ பாரம் கொப்புளத்தில் இருந்ததும் கை விலகியது. பாரம் மேடையில் விழுந்தது. இரண்டாம் முறை அதே நிறையைத் தூக்கினாள்.

மூன்றாம் முறைக்கு எண்பத்தெட்டுக் கிலோ கேட்டாள். அவள் இதுவரை தூக்காத நிறை.

பாரம் தோளில் இருந்தது. அவளுடைய உதடு இறுகியதைத் தேனுகா கண்டாள். தன் கை விரல்களும் மடங்கியிருப்பதைக் கவனிக்கவில்லை. ஒரு மூச்சு. கால் பிரிந்தது. பாரம் தலைக்கு மேலே போய் நின்றது. நிசாந்தினி பின்காலை இழுத்து நேராக நின்றாள். சிவந்த கோடுகள் நிறைந்த அந்த முகத்தை, மண்டபம் முழுக்கப் பார்க்கும்படி நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

தூக்கியது சரி என்று நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்குகளும் எரிந்தன. பழனியாண்டி பார்வையாளர் வரிசையில் தான் இருந்த வாங்கில் ஏறி நின்று கை தட்டினார்.

வடிவம்மாவுக்குக் கை தட்ட வரவில்லை. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனுசியின் முழங்கையைப் பிடித்தார்.

"அது என்ர பிள்ளை," என்றார். "விசுவமடு."