அக்கா வீட்டு நடுப்பகல்

மே மாதம் பிறந்த அன்று ஹெப்சிபா தன் இரண்டு பிள்ளைகளோடு நாகமலை புதுக்கோட்டையில் அக்கா வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினாள். காளவாசலில் அவர்கள் குடியிருந்தது மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு. காலையிலேயே சுவர் சுடும். கணவன் ஸ்டீவ் மருந்துக் கம்பெனி வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவான். "பிள்ளைகளை ஏன் அங்க போட்டு வாட்டுற? லீவு முடியுற வரைக்கும் இங்க வந்து இரு. எனக்கும் ஆள் வேணும்ல" என்று விக்டோரியா அக்கா போனில் பல நாளாகக் கெஞ்சியிருந்தாள்.

அக்காவின் பேச்சை ஹெப்சிபா தட்டியதே இல்லை. தாயில்லாத வீட்டில் அவளுக்குச் சோறூட்டி, யூனிபார்ம் துவைத்துப்போட்டு, கல்யாணமும் செய்துவைத்தவள் அக்காதான். அந்த அக்காவின் ஒரே மகள் ஆன்மேரி போன கோடையில் காய்ச்சல் கண்டு, ஆறு வயதில் இறந்துபோனாள். அடக்கம் முடிந்ததும் அத்தான் மஸ்கட்டுக்குத் திரும்பிவிட்டார். மிஷன் பள்ளியில் டீச்சரான அக்கா அத்தனை பெரிய வீட்டில் தனியாகவே இருந்தாள்.

கேட்டைத் திறந்த அக்கா தங்கையைப் பார்க்கவில்லை. குனிந்து, ஐந்து வயது இம்மானுவேலையும் மூன்று வயது ஜெமிமாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னாள்.

"வந்துட்டாங்க."

முதல் சில நாட்கள் சுகமாகவே கழிந்தன. அக்கா மீன் குழம்பு வைத்தாள், பிள்ளைகளுக்கு நுங்கு சீவிக் கொடுத்தாள். மத்தியானம் சாப்பிட்டதும் அடித்துப்போட்டதுபோலத் தூங்கினாள். அந்த நேரத்தில் நாகமலையின் பாறை கக்கும் வெக்கை தெருவை ஆளில்லாமல் ஆக்கிவிடும். கரண்ட் போய் மின்விசிறி மெதுவாக நின்றதும், காக்கைச் சத்தம்கூட இல்லாத ஒரு அமைதி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆன்மேரி காய்ச்சலில் படுத்திருந்த நடு அறை மட்டும் குளிர்ந்திருந்தது. அங்கே ஏசி கிடையாது. குழந்தைப் பவுடரின் வாசனை, அதற்கு அடியில் ஈரத்துணி மக்கிய வாடை. பிள்ளைகள் அந்த அறையை விட்டு வெளியே வருவதே இல்லை.

ஒரு மத்தியானம் ஹெப்சிபா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. இம்மானுவேலின் கரகரப்பான சிரிப்பு. ஜெமிமாவின் கீச்சுச் சிரிப்பு. அவை இரண்டும் அடங்கிய பிறகு இன்னொன்று.

ஈரக் கையோடு போய்க் கதவைத் தள்ளினாள். கட்டிலில் தலையோடு போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்கள்.

போர்வைக்குள் மூன்று மேடுகள்.

நடுவில் இருந்தது மூச்சு விடவில்லை.

போர்வையை உருவினாள். சுவரோரம் இம்மானுவேல், இந்த ஓரம் ஜெமிமா. இடையில் ஒரு பிள்ளை படுக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் மெத்தை அமுங்கியிருந்தது. தொட்டால் பானைத் தண்ணீர் போலச் சில்லிட்டது.

"இங்க யாரு இருந்தா?"

ஜெமிமா விரலை உதட்டில் வைத்து, "பெரியம்மா சொல்லக் கூடாதுன்னாங்க" என்றாள்.

அக்காவிடம் கேட்டபோது அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பிள்ளைக விளையாட்டுக்கு ஏதாச்சும் சொல்லும். இதெல்லாம் போய்க் கேட்டுக்கிட்டு."

ஹெப்சிபா நம்பினாள். அக்கா சொன்னதை நம்பித்தான் அவளுக்குப் பழக்கம்.

அதன் பிறகு ஜெமிமா சோறு தின்பதைக் குறைத்தாள். அக்கினி வெயிலில் அவள் உள்ளங்கை சில்லென்று இருந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நேரமானது. டாக்டரிடம் காட்டலாம் என்றதற்கு அக்கா, "சூடுதான். இளநி குடுத்தா சரியாயிரும்" என்று சொல்லிவிட்டாள்.

இன்னொரு மத்தியானம், கூடத்தில் கண்ணயர்ந்திருந்த ஹெப்சிபா பேச்சுக்குரல் கேட்டு விழித்தாள். நடு அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து, மடியில் ஜெமிமாவைத் தூங்கவைத்துக்கொண்டு, யாருமில்லாத மூலையைப் பார்த்துக் கிசுகிசுத்தாள்.

"பெரியவன் வேணாம்டி கண்ணு. அவனுக்கு வெவரம் தெரிஞ்சுபோச்சு. சின்னவ போதும் உனக்கு. சரியா?"

மூலையிலிருந்து பதில் வரவில்லை.

கண் மூடித் தூங்கிக்கொண்டிருந்த ஜெமிமா தலையை ஆட்டினாள்.

"அக்கா."

விக்டோரியா திடுக்கிடவில்லை. ரொம்ப நாளாகக் காத்திருந்தவள் போல நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரிஞ்சுதான் எங்களக் கூப்பிட்டியா?"

"ஒத்தையில கெடந்தா ஹெப்சி. பகலெல்லாம் இந்தச் சுவரைச் சுரண்டிக்கிட்டே இருப்பா. விளையாட ஆள் கேப்பா. எம்புட்டு நேரம்தான் நானே விளையாடுறது? நீங்க வந்த அன்னைக்குத்தான் நான் கண்ணை மூடுனேன்."

"இது எம் பிள்ளை அக்கா."

அக்கா ஜெமிமாவின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். குரலில் கோபமே இல்லை.

"உனக்குத்தான் ரெண்டு இருக்குல்ல."

ஹெப்சிபா தனக்குச் சோறூட்டிய அந்தக் கையிலிருந்து மகளைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். இம்மானுவேலின் கையைப் பிடித்தாள். செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே ஓடினாள். தார் ரோடு காலைச் சுட்டது. தோளில் கிடந்த பிள்ளை எப்போதையும்விடக் கனத்தாள்.

அக்கா துரத்தி வரவில்லை. கேட் வரை வந்து நின்றாள். ஆட்டோ கிடைத்து ஏறும்போது, அக்கா ஏதோ உறைத்ததுபோலச் சட்டென்று வீட்டுக்குள் திரும்பி ஓடினாள். உள்ளே ஒவ்வொரு அறையாகக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"ஆன்மேரி… ஆன்மேரி…"

கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஆட்டோ திரும்பும் வரை அந்தக் குரல் கேட்டது.

ஹெப்சிபா ஸ்டீவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "பிள்ளையப் பறிகொடுத்தவங்க, மனசு கலங்கிப்போச்சு. அம்புட்டுதான். இனி அங்க போக வேணாம்" என்றான். அவன் சொன்னது சரிதான் என்பதுபோல ஜெமிமாவும் தேறினாள். உடம்பில் சூடு வந்தது. சோற்றைக் கேட்டு வாங்கித் தின்றாள். அனல் வீசும் அந்தக் காளவாசல் வீட்டில் ஹெப்சிபா முதல் முறையாக நிம்மதியாக மூச்சு விட்டாள்.

இம்மானுவேல் மட்டும் தங்கையின் பக்கத்தில் படுக்க மறுத்தான். ஏன் என்று கேட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

பள்ளி திறக்க இருந்த வாரத்தில் ஒரு மத்தியானம், ஹெப்சிபா சன்னலோரம் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். ஜெமிமா வந்து அவள் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். காதுக்குக் கீழே இறங்காத தன் முடியை இரண்டாக வகிர்ந்து, இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டாள்.

மழலை துளியும் இல்லாத குரலில் சொன்னாள்.

"சித்தி, எனக்கு ரெட்டைச் சடை போட்டு விடுங்க."