கூரையைப் பார்த்தவர்கள்

அம்மாவின் கை நகர்ந்தால் கூரையைப் பார்க்க வேண்டும்.

அந்தக் குடும்பத்தின் சட்டம் அது. எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. யாரும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. ஆயினும் அப்பாவும் மகளும், கடந்த மூன்று வருடங்களாக மாப்பிள்ளையும், ஒருமுறைகூட அதை மீறியதில்லை. சாப்பாட்டு மேஜையில் கிடக்கும் ஸ்பூன் ஒன்று அம்மாவின் கைப்பைக்குள் இறங்கும் அந்த இரண்டு விநாடிகளில் மூன்று கழுத்துகளும் ஒருசேர நிமிரும். கை மடிக்குத் திரும்பியதும் மூன்றும் தாழும்.

அந்தப் பையை அம்மாவைத் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது என்பது சட்டத்தின் இரண்டாம் பிரிவு.

சொந்த வீட்டில் அண்ணாந்து பார்க்க மின்விசிறி மட்டுமே இருந்தது. வெளிநாட்டுச் சுற்றுலா அந்தக் குறையைத் தீர்த்தது. பழைய நகரங்கள்... பழைய அரண்மனைகள்... கூரை முழுக்க ஓவியங்கள்.

"இவ்வளவு ரசனையா கூரையைப் பார்க்கற ஃபேமிலிய நான் பார்த்ததே இல்ல சார்," என்றாள் கைடு. அந்த நாட்டில் குடியேறிப் பல வருடங்களான தமிழ்ப்பெண். "மத்தவங்க எல்லாம் நேரா கடைக்குத்தான் போவாங்க."

"ஆர்வம்தாம்மா," என்றார் அப்பா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பொய் சொல்லும்போது மட்டும் அவருடைய உச்சரிப்பு மிகவும் திருத்தமாகிவிடும்.

மகளுக்குக் காது மடல் சுட்டது.

அது அவர்கள் சுற்றும் மூன்றாவது நகரம். அரண்மனையை அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். மாடியில் நீளமான கூடம். அதையொட்டி ஒரு சிறிய அறை. அந்த அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தங்க முத்திரை. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அரசர் ஒருவர் ஆணைகளில் பதித்தது. காவலுக்கு ஒரு கிழவர், ஒரு நாற்காலி.

கூடத்துப் பெஞ்சில் அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். கழிப்பறைக்குப் போன அம்மா திரும்பி வந்தாள். போன் பேசப் போயிருந்த மாப்பிள்ளையும் பின்னாலேயே வந்தான்.

"இருங்க அத்தை, தூசியா இருக்கு." மார்புப் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பெஞ்சைத் துடைத்தான். ஓரத்தில் பச்சை நூலில் ஓர் இலை. மகள் தன் கையால் ஒரு டஜன் கைக்குட்டைகளில் போட்டுக்கொடுத்த இலை. "இப்ப உக்காருங்க."

"இருக்கட்டும் மாப்பிள்ளை. உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

கோட்டைக் கழற்றி நடுவில் வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மகள் அவனை நன்றியோடு பார்த்தாள். 'அத்தை இல்லாம டூரா?' என்று பிடிவாதமாக அம்மாவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தவன் அவன்தான். அலங்காரப் பொருள் கடை வைத்திருக்கிறான். அம்மா அங்கே போகும் நாளெல்லாம் கடையின் கூரையையே பார்த்துக்கொண்டிருப்பான்.

அம்மாவின் கை மெல்ல நகர்ந்தது.

மூன்று கழுத்துகளும் நிமிர்ந்தன. கூரையில் ஒரு தேர்... நான்கு வெள்ளைக் குதிரைகள்...

அப்போதுதான் அந்த அலறல் கேட்டது.

சிறிய அறையின் வாசலில் துப்புரவுப் பெண் உறைந்து நின்றாள். வாளி கவிழ்ந்து தண்ணீர் ஓடியது. உள்ளே நாற்காலிக்குப் பக்கத்தில் கிழவர் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம்.

கண்ணாடிப் பெட்டி திறந்து கிடந்தது.

முத்திரை இல்லை.

கால்மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்து கிழவரை ஏற்றிக்கொண்டு போனது. வாசல்கள் சாத்தப்பட்டன. பார்வையாளர்கள் பதினோரு பேரும் கூடத்தில் நிறுத்தப்பட்டார்கள். இன்ஸ்பெக்டர் வந்தார். குட்டையான மனிதர்; கழுத்தில் கயிறு கட்டிய விசில்; கையில் நோட்டு, பேனா. எதிர்க்கோடியிலிருந்து பைகளைத் திறந்து பார்க்கத் தொடங்கினார்.

"யாரோ பெட்டியோட சாவிக்கொத்தையும் எடுத்துட்டுப் போயிருக்காங்களாம்," என்று கிசுகிசுத்தாள் கைடு.

மாப்பிள்ளை கோட்டுப் பாக்கெட்டைத் தட்டினான். மறு பாக்கெட்டைத் தட்டினான். மறுபடியும் முதல் பாக்கெட்.

"என்னங்க தேடறீங்க?"

"லைட்டர். எங்கயோ விழுந்துடுச்சு போல."

அவன் நெற்றியில் வியர்வை. 'பாவம், பயந்துட்டார்,' என்று நினைத்துக்கொண்டாள் மகள்.

அம்மா மாத்திரைக்காகப் பையின் வாயைச் சற்றே விரித்தாள். மகளின் கண் தற்செயலாக உள்ளே விழுந்தது.

ஸ்பூன்களுக்கு நடுவில்... மஞ்சளாக... கட்டைவிரல் அளவில்...

அவள் கழுத்து தானாகவே கூரைக்கு நிமிர்ந்தது. பழக்கம்.

நான்கு குதிரைகளும் கண்ணீரில் மிதந்தன.

பன்னிரண்டு வயதில் ஒரு நாள் அவளுடைய தோழி வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்டாள்: 'உங்கம்மா வந்துட்டுப் போனதுலேர்ந்து எங்க வீட்டுச் சாவியைக் காணோமே, ஏண்டி?' அன்றோடு தோழிகளின் வீட்டுக்குப் போவதை அவள் நிறுத்திவிட்டாள். ஸ்பூன், சாவி, உப்புக் குப்பி... அதுவரை எல்லாம் சரி. ஆனால் ஒரு கிழவரின் மண்டை?

கழிப்பறைக்கு அம்மா தனியாகத்தான் போனாள். ஐந்து நிமிடம்.

இன்ஸ்பெக்டர் அவர்கள் முன்னால் வந்து நின்றார். கைடு மொழிபெயர்த்தாள்.

"எல்லாரும் எங்க இருந்தீங்கன்னு கேக்கறாரு."

"அம்மா என் பக்கத்துலயேதான் இருந்தாங்க," என்றாள் மகள். "ஒரு நிமிஷம்கூட நகரல."

கைடு தயங்கினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"மேடம்... பாத்ரூமுக்கு நான்தானே வழி காட்டினேன். இதை அப்படியே சொல்லட்டுமா?"

மகளால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு பொய்யை இன்னொருத்தியின் வாயால் மொழிபெயர்க்கச் சொல்வதைவிடக் கீழான காரியம் அவளுக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

"சொல்லுங்க," என்றாள்.

கைடு சொன்னாள். ஆனால் அவள் முகம் வேறொன்றைச் சொன்னது. இன்ஸ்பெக்டர் முகங்களைப் படிக்கத் தெரிந்தவர். அவர் பார்வை அம்மாவின் மடியில் இறங்கியது.

"பையைத் திறக்கச் சொல்றாரு."

மாப்பிள்ளை சட்டென்று குறுக்கே வந்தான். "வயசானவங்கம்மா. சர்க்கரை, பிரஷர் எல்லாம் இருக்கு. இதுல மாத்திரையைத் தவிர என்ன இருக்கப் போகுது? குடுங்க அத்தை, நான் வெச்சுக்கறேன்."

அம்மா விடவில்லை.

அப்பா எழுந்தார். முப்பது வருடம் மாணவர்களின் பைகளைச் சோதனை போட்டவர். "இந்தப் பையை நாற்பது வருஷமா நானே திறந்ததில்லை. கட்டின புருஷன் தொடாததை அந்நியர் ஒருத்தர் தொட நான் சம்மதிக்க மாட்டேன். அவர்கிட்ட சொல்லும்மா."

"சார், இதை மொழிபெயர்த்தா சந்தேகம் இன்னும் அதிகமாகும்."

"ஏங்க," என்றாள் அம்மா. "உக்காருங்க."

அப்பா உட்கார்ந்தார்.

அம்மா பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

பெஞ்சில் கலகலவென்று கொட்டியது. மூன்று பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

"கீழ பாருங்க," என்றாள் அம்மா. "கொஞ்ச நேரம்தான். தலைக்கு மேல ஒண்ணும் இல்ல."

யாரும் பார்க்கவில்லை.

"இந்தாம்மா கைடு, நான் சொல்றதை அவர்கிட்ட சொல்லு. இவங்களுக்கு ஓவியமும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. எனக்கு அவமானமாயிடக் கூடாதுன்னு மேல பார்க்கறாங்க. இவங்க மேல பார்க்கறாங்களே, அதுதான் எனக்கு அவமானம். ஒருத்தராவது 'ஏன் எடுத்தே'ன்னு கேட்டிருந்தா நான் எப்பவோ விட்டிருப்பேன்."

கைடு இரண்டு முறை தொண்டையைச் செருமிவிட்டு மொழிபெயர்த்தாள்.

அம்மாவின் விரல் ஒவ்வொன்றாகத் தொட்டது. "இந்த ஸ்பூன் முதல் ஊர், காலை டிபன். இது ரெண்டாவது ஊர், ஜன்னலோர மேஜை. உப்புக் குப்பி ரயில்ல எடுத்தது. இந்தச் சோப்பு ஓட்டல்ல அவங்களா குடுத்தது, கணக்குல வராது. எடுத்தது எதையும் நான் மறக்கமாட்டேன்." விரல் நின்றது. "இது நான் எடுத்ததில்லை."

தங்க முத்திரை.

இன்ஸ்பெக்டரின் மூச்சு எல்லாருக்கும் கேட்டது.

"எனக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு. காவலுக்கு ஆள் போட்டிருக்கற பொருளை நான் தொடமாட்டேன். அது திருட்டு."

"அப்ப இது எப்படி உள்ள வந்துச்சுன்னு கேக்கறாரு."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்த நேரத்துல வேற வேலையா இருந்தேன்." அம்மா குவியலிலிருந்து ஒரு சிறிய பொட்டலத்தை எடுத்தாள். "இதை எடுத்துட்டிருந்தேன்."

பிரித்தாள். ஒரு வெள்ளைக் கைக்குட்டை. அதற்குள் சத்தம் வராதபடி சுற்றிய சாவிக்கொத்து.

அருங்காட்சியக மேலாளர் பாய்ந்து வந்து பார்த்தார். கண்ணாடிப் பெட்டியின் சாவியேதான்.

"இது எங்கே இருந்துச்சுன்னு கேக்கறாரு."

அம்மா மகளை மட்டும் பார்த்தாள். வீட்டு மாப்பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

அப்போது இன்ஸ்பெக்டரின் போன் ஒலித்தது. கேட்டார். வைத்தார்.

"கிழவர் கண் முழிச்சுட்டாராம்," என்றாள் கைடு. "பிழைச்சுக்குவாராம். ஆனா பின்னாலேருந்து அடிச்சதால முகத்தைப் பார்க்கலையாம்."

மகள் கைக்குட்டையைப் பார்த்தாள். ஓரத்தில் பச்சை இலை. காம்பு சற்றுக் கோணல். அவள் ஊசி பிடிப்பதே அப்படித்தான்.

ஒரு சூடான மூச்சு காதருகே வந்தது. மாப்பிள்ளை.

"உங்க அம்மாவோடதுன்னு சொல்லிடு. கிழவிதானே, விட்டுடுவாங்க. வியாதின்னு சொல்லிக்கலாம். ஊர்ல அதை வாங்க ஆள் காத்துட்டிருக்கான், ஒரே டீல்ல வாழ்க்கையே மாறிடும். புரியுதா?"

புரிந்தது.

அவன் அத்தையை அழைத்து வரவில்லை. ஒரு பையை அழைத்து வந்திருக்கிறான். யாரும் திறக்காத பை... கண்ணில் பட்டாலும் குடும்பமே மூடி மறைத்து ஊர்வரை கொண்டு சேர்க்கும் பை. கூரையில் குதிரைகளை எண்ணிய அந்த இரண்டு விநாடிகளில் பெஞ்சில் இரண்டு கைகள் நகர்ந்திருக்கின்றன. ஒன்று கோட்டிலிருந்து பைக்குள். மற்றொன்று பையிலிருந்து கோட்டுக்குள்.

ஆனால் அவளைச் சுட்டது அது அல்ல.

அம்மா ஒரு கிழவரை அடித்திருப்பாள் என்று ஒரு நொடியில் நம்பியவள் அவள். கணவனை அரை நொடிகூடச் சந்தேகிக்கவில்லை. நெற்றி வியர்வைக்குக்கூடப் 'பாவம்' என்று இரங்கினாளே. பன்னிரண்டு வயதிலிருந்து அம்மாவை நினைத்துக் கூசியவளுக்கு முதன்முறையாகத் தன்னை நினைத்துக் கூசியது.

"கைடம்மா," என்றாள். குரல் நடுங்கியது; வார்த்தை நடுங்கவில்லை. "முதல்ல நான் சொன்னது பொய்னு சொல்லுங்க. அம்மா பாத்ரூம் போயிருந்தாங்க. இவரும் வெளியில போயிருந்தாரு. இந்தக் கைக்குட்டை என் புருஷனோடது. நான்தான் போட்டுக்குடுத்தேன். அவர் மார்புப் பாக்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்க."

பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அதே பச்சை இலை, அதே கோணல் காம்போடு, அங்கிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை வாசலை நோக்கி இரண்டு அடி வைத்தான். வாசலில் மூன்று கான்ஸ்டபிள்கள்.

"மாமா, நீங்களாவது..."

அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பெஞ்சு மேல ஏறி நிக்கச் சொல்லியிருப்பேன். இது அவங்க ஊர் பெஞ்சு."

விலங்கு மாட்டி அவனை அழைத்துக்கொண்டு போனார்கள். மகள் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நான் உன்னைத்தான் நினைச்சேம்மா."

"தெரியும். மேல பார்த்தியே."

"மன்னிச்சுடு."

"விடு. நானும்தான் உன்னை எத்தனை வீட்டு வாசல்ல தலைகுனிய வெச்சிருக்கேன்." அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கை சும்மாதான் இருந்தது... அப்படித்தான் தோன்றியது.

கொட்டிக் கிடந்தவற்றை இன்ஸ்பெக்டர் ஒரு பென்சிலால் கிளறினார். பிறகு சிரிப்பை அடக்கியபடி ஏதோ சொன்னார்.

"ஸ்பூனுக்கெல்லாம் கேஸ் போட்டா ஸ்டேஷன்ல பேப்பர் பத்தாதாம்," என்றாள் கைடு. "போற வழியில அந்தந்த ஓட்டல்ல திருப்பிக் குடுத்துடணுமாம். எல்லாத்தையும் உள்ள போட்டுக்குங்கம்மா. வாக்குமூலத்துல ஒரு கையெழுத்து மட்டும் போடச் சொல்றாரு."

அம்மா ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டாள். மகள் கையெழுத்திட்டாள். அப்பா கையெழுத்திட்டார். அம்மாவும் கையெழுத்திட்டாள்.

அடியில் தானும் கையெழுத்திட இன்ஸ்பெக்டர் பேனாவைத் தேடினார். சட்டைப் பாக்கெட்டைத் தட்டினார். மறு பாக்கெட்டைத் தட்டினார். கழுத்துக்குக் கை போனது. அங்கே வெறும் கயிறு தொங்கியது.

மகளின் கழுத்து மெல்ல நிமிரத் தொடங்கியது. கைடின் கழுத்தும். விஷயம் அறிந்த யாருக்கும் தொற்றிக்கொள்ளும் பழக்கம் போலும்.

அப்பா மட்டும் மேலே பார்க்கவில்லை.

அவர் நேராக அம்மாவைப் பார்த்தார். நாற்பது வருடங்களில் முதன்முறையாகக் கையை நீட்டி, எல்லார் முன்னிலையிலும், அந்தப் பையின் ஜிப்பைத் திறந்தார். உள்ளே துழாவினார்.

"ஏன் எடுத்தே?" என்றார்.

அம்மாவின் கண்கள் நிறைந்தன. இவ்வளவு காலமும் அவள் காத்திருந்த கேள்வி அது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல், உண்மையைச் சொன்னாள்.

"பேனாவைத் திருப்பிக் குடுத்துடுங்க. விசில் எனக்கு வேணும்... அடுத்த தடவை என் கை நகர்ந்தா, கூரையைப் பார்க்காம நீங்க ஊதுங்க."