சுவரிலிருந்து விழுந்த சேவல் பீங்கான்

"அண்ணை, நான் உடைக்கேல்லை. லைற்றைப் போட்டனான், பீங்கான் தானா விழுந்தது. எத்தினை தரம் சொன்னாலும் ஒருத்தரும் கேக்கிறாங்கள் இல்லை! முதலாளி வேலையாலை நிக்கச் சொல்லிப்போட்டார். மனிசியை ஊரிலையிருந்து இங்கை கூப்பிட, விசாப் பத்திரத்திலை இந்த வேலையைத்தான் காட்டியிருக்கிறன்."

தொலைபேசியில் சிவநேசத்திடம் ரதீசன் அழாக்குறையாகப் பேசினான். வித்தோரியோ என்ற இத்தாலியர் தம் வீட்டின் கீழ்த்தளத்தில் வைத்திருக்கும் சிறிய மட்பாண்ட அருங்காட்சியகத்தைப் பராமரிப்பவன் அவன்.

காப்புறுதி விசாரணையாளராக இருந்து ஓய்வுபெற்ற சிவநேசம், மைத்துனி ஜெயனியின் காரில் டொலார்ட் புறநகரிலிருந்து புறப்பட்டார். நெடுஞ்சாலை முழுவதும் வீதி வேலை.

"அத்தான், இது ஏதோ சர்வதேசக் கும்பலின்ரை வேலை."

"கும்பல் களவெடுக்கும், ஜெயனி. உடைச்சுப்போட்டுப் போகாது. றோட்டைப் பாரும்."

வாசலிலேயே வித்தோரியோ பிரெஞ்சில் கத்தத் தொடங்கினார். தெற்கு இத்தாலியின் பூலியாவில் செய்த, சேவல் வரைந்த அந்தப் பீங்கான் தட்டு அவருடைய தாயின் சீதனமாம். சுவரோரம் அது குப்புற உடைந்து கிடந்தது. சித்திரமில்லாத வெள்ளை முதுகு மட்டுமே தெரிந்தது.

"விழுந்ததிலிருந்து ஒருவரையும் தொட விடவில்லை. இவன் பொய்யன்!"

அவர் மகன் மார்க்கோ பெருமூச்சுவிட்டான். "விடுங்கள் அப்பா. கழுத்து முறிந்த சேவலை வைத்து இனி என்ன செய்வது?"

சிவநேசம் வாயைத் திறந்தார். வித்தோரியோ குறுக்கிட்டார். மறுபடி திறந்தார். ஜெயனி குறுக்கிட்டாள்.

"நான் ஒரு வசனமாவது முடிக்கலாமா?"

அறை அடங்கியது. அவர் குனிந்து துண்டுகளைப் புரட்டினார். வெடிப்பு சேவலின் கழுத்துக்குக் குறுக்கே ஓடியிருந்தது. விளிம்பை நகத்தால் சுரண்டியதும் மஞ்சளாகக் காய்ந்த பசை உதிர்ந்தது.

"இப்போதுதான் உடைந்த பீங்கானில் பழைய பசை எப்படி வரும்? இது முன்பே உடைந்து, ஒட்டி மாட்டப்பட்டது. இன்று பசை விட்டுவிட்டது. குப்புறக் கிடந்ததை யாரும் தொடவில்லை. ஆனால் கழுத்தில்தான் முறிந்தது என்று மார்க்கோவுக்குத் தெரிந்திருக்கிறது."

மார்க்கோ தந்தையின் பக்கம் திரும்பினான். "நீங்கள் இருதய சத்திரசிகிச்சைக்குப் போயிருந்தபோது கை தவறிவிட்டது, அப்பா. வந்ததும் சொல்லப் பயந்தேன்."

"நான் இவனைத் திட்டும்போது பக்கத்தில்தானே நின்றாய்?" வித்தோரியோ மகனைக் கேட்டார். ரதீசனிடம் திரும்பி, மகனுக்குக் கேட்கும்படியே மன்னிப்புக் கேட்டார். நாளைக்கு வேலைக்கு வரச் சொன்னார்.

ரதீசன் குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டான்.

"வருகிறேன், ஐயா. ஆனால் இன்றைக்கு ஒருவரும் என்னோடு பேசவேண்டாம்."