பதினான்காவது நிமிடம்

மதியம் பன்னிரண்டரைக்கு அக்கா தன் காரை என் ஒர்க்‌ஷாப் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். கதவை அறைந்து சாத்திய சத்தத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது.

"அஞ்சாவது தடவைடா!" சாவி என் மேசைமேல் வந்து விழுந்தது. "ராசியான வண்டின்னு சொல்லி வாங்கிக் குடுத்தியே, அந்த வாய் எங்க?"

"லைட்டுதானே எரியுது? வண்டி ஓடுதுல்ல?"

"பாப்பா பின்னாடி உக்காந்து வர்றா. நடு ரோட்டுல நின்னா நீயா வந்து தள்ளுவ? மூணு மணிக்கு ஸ்கூல் விடும். அதுக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா கடை போர்டக் கழட்டிரு."

அவள் அலுவலகத்துக்கு நடந்தே போய்விட்டாள்.

அந்த மஞ்சள் எஞ்சின் விளக்கை எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. பெட்ரோல் மூடி, பிளக், காயில், சென்சார் எல்லாம் மாற்றியாயிற்று. ஒவ்வொரு முறையும் நாலு நாள் அணைந்திருக்கும். ஐந்தாம் நாள் மறுபடி பல்லைக் காட்டும்.

தப்பு என்னுடையதுதான். விளக்கு எரிந்தால் ஸ்கேனரை மாட்டுவேன், கோளாறு எண்ணைப் பார்ப்பேன், உடனே அழித்துவிடுவேன். அவசரத்தில் எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். ஆனால் கோளாறு வந்த நொடியில் வேகம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று வண்டி சில விவரங்களைப் பிடித்து வைத்திருக்கும். எண்ணை அழித்தால் அதுவும் போய்விடும். நான்கு முறை படிக்காமலே அழித்திருக்கிறேன்.

இந்த முறை படித்தேன்.

எஞ்சின் ஓடிய நேரம் பதினான்கு நிமிடம். வேகம் பூஜ்யம். ஆக்ஸிலேட்டர் நூறு சதவீதம். எஞ்சின் உள்ளே இழுத்த காற்று, நான்கு டிகிரி.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

அக்காவுக்கு போன் போட்டேன். "லைட் எரிஞ்சப்ப நின்ன இடத்துலயே ஆக்ஸிலேட்டர மிதிச்சியா?"

"எனக்கென்ன கிறுக்கா? காலைல பாப்பாவ ஸ்கூல்ல விடப் போறப்ப சிக்னல்ல நின்னுட்டிருந்தேன். கால் பிரேக்குல இருந்துச்சு. திடீர்னு எஞ்சின் மட்டும் கத்துச்சு."

"அத ஏன் சொல்லல?"

"நீ என்னைக்குக் காது குடுத்துக் கேட்ட? பாப்பா வேற குளிருது குளிருதுன்னு அழுதா. ஏசியே போடல."

வண்டியை உள்ளே தள்ளி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். கால்கள் இரண்டையும் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. வேலையற்ற வேலை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பன்னிரண்டில் ஒரு வாடை வந்தது. அழுகிய பாசியும் சேறும் கலந்த வாடை.

பதின்மூன்றில் கணுக்கால் சில்லிட்டது. அந்தச் சில்லிப்பு மெல்ல முழங்காலுக்கு ஏறியது.

பதினான்கு.

ஆக்ஸிலேட்டர் மிதி தானாகக் கீழே இறங்கியது.

தரையோடு தரையாக. எஞ்சின் அலறியது. வண்டி அசையவில்லை.

சாவியைத் திருகி அணைத்தேன். வயர் கோளாறு என்றால் ஸ்கேனரில் எண்தான் மாறும், மிதி இறங்காது. அது உடனே மேலே வரவும் இல்லை. வலுவிழந்த கால் ஒன்று விட மனமில்லாமல் விடுவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

சாவியை அணைத்த பிறகும் மஞ்சள் விளக்கு எரிந்தது.

இறங்கி, தரைவிரிப்பை உரித்தேன். அடியில் காய்ந்த வண்டல். பின்கதவின் உட்பலகையைக் கழற்றினேன். உள்ளே சேற்றுக்கோடு கண்ணாடி வரை ஏறியிருந்தது. மொத்தமாகத் தண்ணீரில் மூழ்கிய வண்டி; உள்ளே யார் இருந்தார்களோ. பழைய வண்டியாக வாங்கும்போது மேல்விரிப்பைத் தட்டிப் பார்த்ததோடு சரி. இதில்தான் அக்காவையும் அவள் பெண்ணையும் ஏற்றிவிட்டிருந்தேன்.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அக்கா வந்தாள்.

"லைட் அணைஞ்சுதா?"

"இல்ல."

"அப்ப இவ்வளவு நேரம் என்னத்தப் புடுங்கின?"

"வண்டி வேணாம்க்கா. ஆட்டோல போய் பாப்பாவக் கூட்டிட்டு வா."

"வெளையாடுறியா? சாவியக் குடுடா!"

சாவியை முஷ்டிக்குள் இறுக்கிக்கொண்டேன். பிடுங்க வந்தவள் என் கையைத் தொட்டதும் நின்றுவிட்டாள்.

"ஏன்டா இப்படிச் சில்லுன்னு இருக்க?" குரல் அடங்கிப்போயிருந்தது.

கையை உருவிக்கொண்டேன். அவள் தெருவுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினாள்.

அன்றே வண்டியைப் பின்கட்டில் தள்ளி, பேட்டரியைக் கழற்றி, நாலு கதவையும் பூட்டி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். பாப்பா இப்போது பள்ளி வேனில் போகிறாள். பழைய வண்டிகளை உடைக்கிற கடைக்காரர் இன்று வருவதாகச் சொன்னார். காலையில் நல்ல வெயிலில் தார்ப்பாயை விலக்கினேன்.

பின்சீட்டுக் கண்ணாடியில், பாப்பாவின் முகம் வரும் உயரத்தில், மூச்சுப் பட்டதுபோல ஒரு சின்ன வெள்ளை வட்டம். உள்பக்கம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கி மறைந்தது.

அப்பாடா என்றிருந்தது.

மறுபடி படிந்தது.